லயக் காம்பிராவில் ஒரு கிராபிக்ஸ் கார்ட்: இரைச்சல், சூடு, விடியற்குளிர்

போன டிசம்பரில், கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி ஒருவர் கணினியின் கேசிங்கைக் கம்பளியில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு இலங்கை மலையகத்து ஹட்டனில் இருக்கும் என் கடைக்கு வந்தார். தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பிள்ளை. வந்ததும் கேட்டது ஒன்றுதான்: "அண்ணே, இந்தக் கார்டை ஓவர்கிளாக் பண்ணித் தாங்க. எங்க ஊரு குளிருக்கு அது தாங்கும்தானே?"

ஓவர்கிளாக் என்றால், திரைப் படத்தையும் வீடியோவையும் கையாளும் கிராபிக்ஸ் கார்டைக் கம்பெனி வைத்துத் தந்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. தை பிறந்தால் கல்யாண சீசன். ஒரு கல்யாணத்தின் முழு வீடியோவை எக்ஸ்போர்ட் செய்ய அவருக்கு ஓர் இரவு போய்விடுகிறது. வேகம் வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். ஆனால் பேசப் பேச வேறு இரண்டு விஷயங்கள் வெளியே வந்தன. கார்ட் இரவு முழுக்க இரைகிறது. மாலை ஆறரைக்கும் எட்டரைக்கும் இடையில் திரை திடீரென்று கறுத்துப்போய், கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. சும்மா இருக்கும்போதே விழுகிற கணினியை ஓவர்கிளாக் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. முதலில் வீட்டைப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு போனேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பிரா, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறை. இஸ்தோப்பை, அதாவது முன் திண்ணையை, பலகை வைத்து அடைத்து ஒரு சின்ன அறையாக்கி, அதில்தான் எடிட்டிங். பலகைக்கு அந்தப் பக்கம் அம்மாவின் கட்டில். அம்மா விடிய நாலரைக்கு எழும்பி, அடுப்பு மூட்டி, சமைத்து வைத்துவிட்டுப் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, போகவேண்டியவர். அவரிடம் சத்தத்தைப் பற்றிக் கேட்டேன். "ராத்திரி பூரா ஸ்டோர்ல கொழுந்து வாட்டுற ஃபேன் ஓடுற மாதிரியே இருக்கு தம்பி. ஸ்டோரே தலைமாட்டுக்கு வந்துருச்சு" என்றார். ஸ்டோர் என்றால் எங்கள் பேச்சில் தேயிலை ஆலை. நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு வருகிறவரின் தூக்கம் அது. எனக்கு அந்த வேலையின் நோக்கம் அங்கேயே மாறிவிட்டது. வேகம் இரண்டாவது; முதலில் சத்தம்.

கண்டது

கணினியில் இருந்தது ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி. 2017இல் வந்த கார்ட், 185 வாட் குடிக்கும். 2022இல் டாலர் ஓரிரு மாதத்தில் 203 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது புதுக் கார்ட் வாங்குவது நம் ஆட்களுக்குக் கனவாகிப்போனது. அதே ஆண்டு செப்டம்பர் 15ஆம் திகதி எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டிக் காசு சம்பாதிக்கும் மைனிங் முறையைக் கைவிட்டது. அதுவரை இரவு பகலாக மைனிங்கில் ஓடிய கார்டுகள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. தம்பியும் அடுத்த வருடம் அப்படி ஒன்றைத்தான் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தார். அதில் அவர் பிழை எதுவும் இல்லை. அன்றைக்கு அவர் கைக்கு எட்டியது அதுதான்.

அறையில் 18 டிகிரி. எக்ஸ்போர்ட் ஒன்றை ஓடவிட்டுப் பத்து நிமிடம் பார்த்தேன். கார்ட் 84 டிகிரிக்கு ஏறி, ஃபேன் நிமிடத்துக்கு 3,100 சுற்று சுற்றியது. குளிர்காலத்து மலையில் இது வரவே கூடாத எண். நிறுத்தி, கழற்றி, ஃபேன் மூடியை எடுத்தேன். சூட்டை வெளியே விடும் ஹீட்சிங்க்கின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே சாதாரணத் தூசி இல்லை. கறுப்பாக, ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒன்று. சுண்டுவிரலால் தடவினால் மை போல வந்தது. விறகடுப்பின் கரி, மூடுபனியின் ஈரம், கம்பளி நூல் மூன்றும் சேர்ந்து தார் மாதிரி படிந்திருந்தன. கேசிங் வைத்திருந்த இடம் அடுப்புச் சுவரை ஒட்டி. உள்ளே இழுக்கிற காற்றெல்லாம் புகைக் காற்று. ஊதுகுழாயால் ஊதினால் இது போகாது. ஐசோபுரொப்பில் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கும் பிரஷும்தான் அதற்கு மருந்து.

அம்மா சொன்ன ஸ்டோர் உவமை மிகச் சரியானது. கொழுந்தைத் தொட்டியில் அளவுக்கு மேல் தடிப்பாகப் பரப்பிவிட்டால் கீழிருந்து எவ்வளவு பெரிய ஃபேன் ஊதினாலும் காற்று இலைக்குள் ஏறாது. இங்கேயும் அதேதான். ஃபேன் உயிரை விட்டுச் சுற்றியது, காற்று உள்ளே போகவில்லை.

மாலை கறுக்கும் திரைக்குக் காரணம் வேறு. ஏழு மணிவரை இருந்து பார்த்தேன். எல்லா வீட்டிலும் விளக்கும் டிவியும் கேத்தலும் ஓடுகிற நேரம். சுவரில் 230 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் மீட்டர் 191 காட்டியது. பவர் சப்ளையின் மஞ்சள் கம்பியில், கார்ட் வேலை செய்துகொண்டிருக்கும்போது, 11.2 வோல்ட். பவர் சப்ளைக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி 12 வோல்ட்டில் ஐந்து சதவீதம்தான் கூடக் குறைய இருக்கலாம், அதாவது 11.4க்குக் கீழே போகக் கூடாது. மலிவான பவர் சப்ளை, மேலே 500 வாட் என்று எழுதியிருந்தது, உள்ளே அந்த எடை இல்லை. காசல்ரீயும் மவுசாக்கலையும் மேல் கொத்மலையும் நாட்டுக்கு மின்சாரம் கொடுப்பது எங்கள் மலைத் தண்ணீரால். லயத்துக்கு மட்டும் மாலை நேரத்தில் 191 வோல்ட் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மனதைச் சுடுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. மென்பொருள் காட்டும் 12 வோல்ட் அளவை நம்பவேண்டாம். மல்ட்டிமீட்டரை மோலெக்ஸ் கனெக்டரின் மஞ்சளிலும் கறுப்பிலும் வைத்துத்தான் பார்க்கவேண்டும். சுவர் பிளக்கில் கை வைப்பது அந்த வேலை தெரிந்தவருக்கு மட்டும். பவர் சப்ளையைத் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

பழையதை முதலில் காப்பாற்றிப் பார்த்தோம்

புதுக் கார்ட் என்று உடனே சொல்ல மனம் வரவில்லை. காசு அவருடையது. ஹீட்சிங்க்கைக் கழுவி, சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே காய்ந்து மண்ணாகிப்போயிருந்த தெர்மல் பேஸ்டை மாற்றி, மின்னழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கினேன். 84 டிகிரி 71 ஆனது. நல்ல இறக்கம்தான். ஆனால் இரண்டு ஃபேனில் ஒன்றின் பேரிங் தேய்ந்து கரகரவென்றது. கிராபிக்ஸ் கார்டின் ஃபேன் கேசிங்குக்குள் படுத்த நிலையில் முகம் கீழாக இருப்பதால் ஸ்லீவ் பேரிங் ஃபேன்கள் சீக்கிரம் தேயும். மைனிங்கில் ஓடியது என்றால் கேட்கவே வேண்டாம். அந்த ஃபேனுக்கு மாற்று கிடைக்கவில்லை. கூடவே, 150 வாட்டுக்கு மேல் எரிகிற ஒரு பொருளைச் சத்தமில்லாமல் குளிரவைக்க அந்தச் சின்ன ஹீட்சிங்க்குக்குக் கொள்ளளவு இல்லை. சீசன் முன்பணம் கையில் வந்ததும் தம்பியே "மாத்திருவோம் அண்ணே" என்றார்.

பவர் சப்ளையை அதற்கு முன்பே மாற்றினோம். 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று லேபிளில் எழுதிய, 80 பிளஸ் வெண்கலத் தரச் சான்றுள்ள 550 வாட். அன்று மாலையிலிருந்து திரை கறுக்கவில்லை. ஓவர்கிளாக் கேட்டு வந்தவரின் பெரிய தொல்லை கார்டைத் தொடாமலே தீர்ந்தது.

எந்தக் கார்ட்

மூன்று கார்டுகள் அவர் பட்ஜெட்டுக்குள் வந்தன. 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி, 170 வாட். அதே வருடத்து ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி, 132 வாட். 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060, 8 ஜிபி, 115 வாட். தம்பிக்கு 12 ஜிபி மேல் ஆசை. நினைவகம் கூடினால் நல்லது என்று யூடியூபில் எல்லாரும் சொல்கிறார்கள், அது பொய்யும் இல்லை. ஆனால் அவர் வேலைக்கு எவ்வளவு வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. பழைய கார்டிலேயே 8 ஜிபி இருந்ததே. அவருடைய கனமான டைம்லைனை எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வில் ஓடவிட்டு, கார்டின் நிலையைக் காட்டும் ஜிபியு-இசட்டில் பார்த்தோம். ஆறு ஜிபியைத் தாண்டவில்லை.

அப்புறம் நான் பார்த்தது வாட் ஒன்றைத்தான். கார்ட் குடிக்கும் மின்சாரம் முழுவதும் சூடாகத்தான் வெளியே வரவேண்டும். வேறு வழியே அதற்கு இல்லை. 115 வாட்டைக் குளிரவைப்பதற்கும் 170 வாட்டைக் குளிரவைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் அம்மாவின் தூக்கம். 4060 என்று முடிவானது. அவருடைய மதர்போர்டில் கார்ட் இணையும் வழி பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0, இந்தக் கார்ட் அதில் எட்டு லேன், அதாவது தரவுப் பாதை, மட்டும் பயன்படுத்துவதால் விளையாட்டில் கொஞ்சம் வேகம் குறையலாம், எடிட்டிங்கில் அது பெரிதாகத் தெரியாது என்பதையும் சொல்லிவிட்டே வாங்கச் சொன்னேன்.

சிப் ஒன்றுதான், ஆனால் அதன் மேல் போர்த்தியிருக்கும் உடம்பு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒரே 4060 ஒற்றை ஃபேனோடு குட்டையாகவும் வரும், மூன்று ஃபேனோடு முப்பது சென்டிமீட்டர் நீளத்துக்கும் வரும். அதனால் கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குத் தம்பி போகும்போது கையில் அளவுநாடா கொடுத்து அனுப்பினேன். கேசிங்கில் முன்பக்க ஃபேன் போக 265 மில்லிமீட்டர் இடம் இருந்தது. அதற்குள் அடங்கும் இரட்டை ஃபேன் கார்டுகளில் எது தடிப்போ, எது கைக்குக் கனமோ அதை எடுக்கச் சொன்னேன். கனம் என்றால் உள்ளே செம்புக் குழாயும் அலுமினியமும் கூட இருக்கிறது என்று அர்த்தம். பளபளக்கும் பிளாஸ்டிக் மூடியும் வண்ண விளக்கும் ஒரு டிகிரியைக் கூடக் குறைக்காது. பின்தகட்டின் முனையில் காற்று மறுபக்கம் போகத் துவாரம் இருக்கிறதா, ஃபேன் 90 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னேன்.

பெரிய ஃபேனுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்? ஃபேன் தள்ளும் காற்று சுற்று வேகத்துக்கு நேர் விகிதத்தில்தான் கூடும், இரைச்சலோ அதைவிடப் பல மடங்கு வேகமாக ஏறும். சுற்று பாதியானால் ஏறத்தாழ 15 டெசிபெல் இறங்கும். பத்து டெசிபெல் இறங்கினாலே காதுக்குச் சத்தம் பாதியானதுபோல இருக்கும். ஆகவே பெரிய ஃபேனை மெதுவாகச் சுற்றுவதில்தான் அமைதி இருக்கிறது.

தம்பி வாங்கிவந்த கார்ட் இரண்டரை ஸ்லாட் தடிப்பு, 250 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம். அந்தச் சிப்புக்கு அவ்வளவு பெரிய ஹீட்சிங்க் தேவையில்லைதான். அந்த மிச்சக் கொள்ளளவைத்தான் நான் விலை கொடுத்து வாங்கச் சொன்னேன்.

மலைக்காற்றின் கணக்கு

"இங்க குளிர்தானே" என்ற தம்பியின் கேள்விக்குப் பதில் பாதி ஆம். தலவாக்கலை ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம். கொழும்பில் அறை 30 டிகிரி இருக்கும்போது இங்கே 19. அந்தப் பதினொரு டிகிரி கார்டுக்கு இலவசம். ஆனால் காற்று மெலிது. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட 13, 14 சதவீதம் குறைவு. குளிரால் காற்று கொஞ்சம் அடர்வதையும் சேர்த்துப் பார்த்தால், ஃபேன் ஒரு சுற்றில் தள்ளும் காற்றின் நிறை கொழும்பைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். அறையின் சூட்டைவிடக் கார்ட் கொழும்பில் 40 டிகிரி மேலே நின்றால் இங்கே 43, 44 டிகிரி மேலே நிற்கும். கூட்டிக் கழித்தால் நமக்கு மிஞ்சுவது ஏழெட்டு டிகிரி. நுவரெலியாவுக்கு ஏறினால் குளிரும் கூடும், காற்றும் இன்னும் மெலியும். லாபம்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செலவழிக்கிற அளவு லாபம் இல்லை.

ஈரத்தைப் பற்றியும் பலர் பயப்படுகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கார்ட் அறைக் காற்றைவிடச் சூடாக இருப்பதால் அதன்மேல் பனி படியாது. ஆபத்து அணைத்து வைத்த கணினிக்குத்தான். விடியற்காலையில் அம்மா சோற்றுப்பானையைத் திறந்ததும் ஆவி அறை முழுக்கப் பரவி, இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த கேசிங்கின் கண்ணாடியில் உட்பக்கமாகப் பூத்து நின்றதை நானே டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்த நேரத்தில் சுவிட்சைப் போடக் கூடாது. கேசிங்கை அடுப்புச் சுவரிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு மாற்றினோம். முன்பக்கக் காற்று வழிக்கு அம்மாவின் பழைய நைலெக்ஸ் சேலையில் ஒரு துண்டை வெட்டி வலையாகக் கட்டினோம். கேசிங் நின்ற மேசை பலகைச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதிர்வு அப்படியே கட்டிலுக்குப் போயிருக்கிறது. மேசையை நான்கு விரல் தள்ளி, கேசிங் கால்களுக்கு சைக்கிள் டியூப் துண்டு வைத்ததும் சத்தத்தில் ஒரு பகுதி காசில்லாமலே போனது.

ஓவர்கிளாக், படிப்படியாக

ஜனவரியில் இரண்டு இரவு அவர் வீட்டிலேயே தங்கி இந்த வேலையைச் செய்தேன். கடையில் செய்து அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த அறை, அந்தக் காற்று, அந்த மின்சாரத்தில் ஓடப்போகிற கார்டை அங்கேயே சோதிப்பதுதான் சரி என்று பட்டது.

முதலில் எதையும் மாற்றாமல் அரை மணி நேரம் ஓட்டி எழுதிவைத்தேன்: அறை 19, கார்ட் 60 டிகிரி, ஃபேன் 1,500 சுற்று, 115 வாட். நிறம் திருத்தி, நாய்ஸ் குறைக்கும் ஒரு பத்து நிமிடக் கல்யாணத் துண்டைச் சோதனைக்கு வைத்தோம். பழைய கார்டில் 19 நிமிடம் 40 விநாடி எடுத்தது, இதில் 9 நிமிடம் 10 விநாடி. இந்த முதல் கணக்கு இல்லாமல் ஓவர்கிளாக் செய்கிறவர் கூடியதா குறைந்ததா என்றே தெரியாமல் நிற்பார்.

கார்டின் வேகத்தை மாற்றும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கோர், அதாவது சிப்பின், வேகத்தை 30 மெகாஹேர்ட்ஸ் படியாக ஏற்றினேன். ஒவ்வொரு படிக்கும் பத்து நிமிடம் சூப்பர்பொசிஷன் என்ற சோதனை மென்பொருள். 210இல் திரையில் சின்னச் சின்ன மினுக்கம், 240இல் உறைந்தது. 150க்கு இறங்கி வந்தேன். மினுக்கம் வந்த இடத்துக்கு அடுத்த படியில் நிற்பது பத்திரம் இல்லை. குறைந்தது இரண்டு படி இறங்கவேண்டும்.

நினைவகம் வேறு குணம் உள்ளது. கோர் பிழைவிட்டால் கணினி உறையும், தெரிந்துவிடும். நினைவகம் எல்லை தாண்டினால் பல நேரம் எதுவும் காட்டாது; பிழையான தரவைக் கண்டுபிடித்துத் திரும்ப அனுப்பச் சொல்லிக்கொண்டே இருக்கும், அதனால் வேகம் கூடுவதற்குப் பதில் குறையும். இருநூறு இருநூறு மெகாஹேர்ட்ஸாக ஏற்றியதில் 1,000 வரை சோதனைப் புள்ளி ஏறியது, 1,200இல் இறங்கியது. நான் 800இல் நிறுத்தினேன். விளையாடுகிறவருக்குத் திரையில் ஒரு புள்ளி வந்தால் வந்தது போனது. இவர் எடிட் செய்வது கல்யாணம். தாலி கட்டும் நொடியில் ஒரு பச்சைச் சதுரம் விழுந்து, அது பென்டிரைவில் ஏறி அந்தக் குடும்பத்தின் கைக்குப் போய்விட்டால் யாரிடம் போய்த் திரும்பக் கேட்பது?

மின்னழுத்தத்தை ஏற்றும் பட்டனை நான் தொடவில்லை. கார்டின் உள்மென்பொருளான பயாஸை மாற்றி எழுதுவதை எவ்வளவு கேட்டாலும் செய்வதில்லை. வேகத்தை மட்டும் ஏற்றினால் கணினி உறையும், ரீஸ்டார்ட் ஆகும், பழையபடி வந்துவிடும். கார்டின் ஆயுளைத் தின்பது கூடுதல் மின்னழுத்தமும் அதனோடு வரும் சூடும்.

இரண்டையும் சேர்த்து டைம் ஸ்பை ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டின் இருபது சுற்றையும் ஓட்டினேன். 97 சதவீதம் சீராக இருந்தால் தேர்ச்சி, தேறியது. சோதனைத் துண்டு 8 நிமிடம் 45 விநாடி. கார்ட் 63 டிகிரி, ஃபேன் 1,700. தம்பிக்கு மகிழ்ச்சி. எனக்கும் அன்று திருப்தியாகத்தான் இருந்தது. விண்டோஸ் தொடங்கும்போதே இந்த அமைப்பு ஏறும்படி டிக் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். அதை ஒரு வாரம் பொறுத்துச் செய்திருக்கவேண்டும்.

விடியற்காலை ஐந்தேகால்

பெப்ரவரி முதல் வாரம் தம்பியிடமிருந்து அழைப்பு. "அண்ணே, ராத்திரி பூரா எக்ஸ்போர்ட் போகுது, ஒண்ணும் ஆகல. காலையில போட்டு ரிசால்வ் திறந்தா மட்டும் திரை நிக்குது, அப்புறம் வருது." இரண்டு விநாடி நின்று திரும்ப வருகிறது என்றால் விண்டோஸ் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை மீட்டெடுக்கிறது என்று பொருள், கார்ட் இரண்டு விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் அது தானாகச் செய்யும் வேலை. ஆனால் இரவெல்லாம் நூறு சதவீதம் ஓடிய கார்ட் காலையில் சும்மா ஒரு மென்பொருளைத் திறக்கும்போது விழுவானேன்?

பதிவுக் கோப்பை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். இரவில் முழு வேலையில், 63 டிகிரியில், கோர் 2,790 மெகாஹேர்ட்ஸ். காலை ஐந்தேகாலுக்கு, அறை 12 டிகிரி, கார்ட் 31 டிகிரி, கோர் 2,925. விழுந்தது அந்த இடத்தில்.

இந்தக் கார்டுகள் தாமாகவே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். சூடு ஏற ஏற 15 மெகாஹேர்ட்ஸ் படியாக இறங்கும், குளிர்ந்தால் அதே படியில் ஏறும். கூடவே, முழு வேலையில் 115 வாட் எல்லை அதன் கழுத்தைப் பிடித்திருக்கும். சின்ன வேலையில் அந்தப் பிடியும் இல்லை. நான் ஏற்றிய 150 இரண்டு நிலைக்கும் ஒன்றுபோலச் சேரும். அதாவது அந்தக் கார்ட் தன் வாழ்நாளில் தொடும் மிக உயர்ந்த வேகம் இரவு எக்ஸ்போர்ட்டில் அல்ல, விடியற்குளிரில் ஒரு சின்ன வேலையைத் தொடங்கும் அந்தச் சில விநாடியில். நான் செய்த சோதனை எல்லாம் இரவில், சூடேறிய பிறகு, முழுப் பாரத்தில். அந்த விநாடியை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ அறை இந்த அளவு குளிராது. அங்கே சோதித்து எழுதிய எண்களை நம் மலைக்குக் கொண்டுவந்தால் இடறும் இடம் இதுதான்.

மறுபடி போனேன். இந்த முறை கோர் வேகத்துக்கு 150 போல மொத்தமாக எதையும் கூட்டவில்லை. ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோல் விசையோடு எஃப் விசையை அழுத்தினால் மின்னழுத்தத்துக்கும் வேகத்துக்குமான வளைகோடு திறக்கும். அதில் 0.950 வோல்ட் புள்ளியை 2,640 மெகாஹேர்ட்ஸுக்கு ஏற்றி, அதற்கு வலப்பக்கம் உள்ள எல்லாவற்றையும் அதே உயரத்துக்குத் தட்டையாக்கினேன். எவ்வளவு குளிர்ந்தாலும் கார்ட் அந்தக் கூரையை முட்டி நிற்கும். சூட்டுக்கு ஏற்ப வளைகோடும் ஒரு படி மேலே கீழே நகரும் என்பதால், இரவில் வைத்த கூரையைக் காலையிலும் பார்க்கவேண்டும்.

வெப்பம் வேகத்தோடு நேராகவும் மின்னழுத்தத்தோடு இருமடியாகவும் நகரும். 1.05 வோல்ட்டிலிருந்து 0.95க்கு இறங்குவது பத்து சதவீதம்கூட இல்லை. அதனால் மட்டும் வெப்பம் 18 சதவீதம் குறையும். நினைவகத்தின் 800ஐ அப்படியே விட்டேன். கிடைத்தது: 94 வாட், 55 டிகிரி, ஃபேன் 1,150 சுற்று, சோதனைத் துண்டு 8 நிமிடம் 58 விநாடி. முழு ஓவர்கிளாக்கைவிட 13 விநாடி பின்னால், வாங்கியபடியே ஓட்டுவதைவிட 12 விநாடி முன்னால். அந்த 13 விநாடிக்காக 550 சுற்றுச் சத்தத்தைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை, தம்பிக்கும் இல்லை.

மூன்று விடியலில் சோதித்தோம். இரவு அணைத்துவைத்து, காலை ஐந்து மணிக்குப் போட்டு, கண்ணாடியில் ஆவி இல்லை என்று பார்த்து, சின்ன வேலைகளாகக் கொடுத்தோம்: ரிசால்வைத் திறப்பது, பிரவுசரில் ஒரு வீடியோ, பிரேம் வேகத்தை அறுபதுக்குக் கட்டுப்படுத்திய ஒரு விளையாட்டு. பிறகுதான் டிக் போட்டேன்.

ஃபேனில் ஒரு சின்ன விஷயம் பாக்கி இருந்தது. சூடு குறைந்ததும் ஃபேன் முழுதாக நிற்கும் வசதி கார்டில் உண்டு. கேட்க நல்லதாக இருக்கும். ஆனால் எடிட் செய்யும்போது கார்ட் சரியாக அந்த எல்லையிலேயே ஊசலாடி, ஃபேன் நிமிடத்துக்கு ஒருமுறை விர்ரென்று எழும்பி நிற்கும். தூங்குகிறவரை எழுப்புவது தொடர்ந்து வரும் மெல்லிய சத்தம் அல்ல, விட்டுவிட்டு வரும் சத்தம்தான். நிறுத்தும் வசதியை எடுத்துவிட்டு, முப்பது சதவீதத்தில் எப்போதும் சுற்றும்படி வைத்தேன். கட்டிலில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தேன். பீலியில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு மேலே அது கேட்கவில்லை.

ஜூனில் அந்தப் பக்கம் போனபோது எட்டிப்பார்த்தேன். தென்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நைலெக்ஸ் துண்டு கறுத்திருந்தது, உள்ளே ஹீட்சிங்க் சுத்தமாக இருந்தது. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "மெஷினை இன்னும் போடலையா?" என்றார். அப்போது எக்ஸ்போர்ட் ஓடிக்கொண்டிருந்தது. துணியை அலசிக் கட்டிவிட்டு, கேசிங் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்த தாளில் அன்றைய கணக்கை எழுதினேன்: அறை 21, கார்ட் 57, ஃபேன் 1,180. அதற்கு மேலே ஜனவரி, பெப்ரவரி எண்கள், விழுந்த அந்த 2,925உம் சேர்த்து. அடுத்து யார் இந்தக் கேசிங்கைத் திறந்தாலும் அந்தத் தாள்தான் முதலில் கண்ணில் படும்.